மூன்று கிலோவுக்குள் ஒரு லேப்டாப்

போன வாரம் குருவியைத் தோள்கட்டோடு ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் போனோம். இந்த ஏழு நாளில் கட்டு அவிழ்ந்துவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மட்டும் முகம் சுளிக்கிறாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வீட்டின் தலைவர் தராசு பழுதுபார்ப்பவர். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சரிபார்த்து, எடை சரி என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஊரில் அவருக்குப் பெயரே தராசுக்காரர்தான். மூத்த மகள் லிஃப்ட் ஆய்வாளர். மாதத்தில் இருபது நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் இருப்பாள். இளையவள்தான் குருவி. அம்மா தூரதேசத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வருட ஒப்பந்தம், முடிய இன்னும் இரண்டே மாதம்.

குருவிக்குக் கல்லையும் மண்ணையும் பற்றிப் படிக்கும் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மலை மேடு என்று நடக்க வேண்டும். நல்ல சேதி வந்த மறுவாரமே சைக்கிளோடு விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டாள்.

"ஆறு மாசத்துக்கு மூணு கிலோவுக்கு மேல தோள்ல ஏத்தக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கல்லூரிக்காரர்களும் விடவில்லை. களத்துக்கு எடுத்துப் போகும் பை, லேப்டாப்போடு சேர்த்து, மூன்று கிலோவைத் தாண்டாது என்று பெற்றவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சேரலாம். இல்லையென்றால் அடுத்த வருடம் வரட்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கடைசி நாள் இன்றுதான். போன வாரம் வாங்கிவந்த லேப்டாப்பைப் பிடிக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கவும் இன்று மாலை ஆறு மணிதான் கெடு. அதைவிட இளைத்த லேப்டாப் உண்டு. விலைதான் இரண்டு மடங்கு. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு மூத்தவள் ரயிலை விட்டு இறங்கி வந்தாள். பரிசோதனைக்காக அந்த லேப்டாப்பை மூன்று நாள் தன்னோடு பயணம் கூட்டிப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு தாளை நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"ஆய்வு அறிக்கை."

குருவி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கதவு, பிரேக், அவசர மணின்னு தலைப்புப் போட்டிருக்க. இது லேப்டாப்பா, லிஃப்டா?"

"எனக்குத் தெரிஞ்ச ஃபாரம் அது ஒண்ணுதான். படி."

குருவி உரக்கப் படித்தாள். "கதவு: மூடியை ஒத்தைக் கையால் திறக்க முடியவில்லை. அடிப்பாகமும் கூடவே எழும்புகிறது."

"எடை இல்லாத சாமான்ல அந்தத் தொல்லை உண்டு. மேல இழுத்தா கீழயும் கூடவே வரும்" என்றார் தராசுக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

"வெளிச்சம்: ஜன்னலோர இருக்கையில், வெயிலில், திரையில் என் மூக்குதான் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. நிழலில் பரவாயில்லை. விசைகள்: ஆழம் குறைவு. முதல் நாள் திட்டினேன், மூன்றாம் நாள் மறந்துவிட்டேன். சத்தம்: விசிறி இல்லை, அதனால் சத்தமும் இல்லை. பக்கத்து இருக்கைக் குழந்தை எழுந்திருக்கவில்லை. சூடு: மடியில் ஒரு மணி நேரம் வைத்தால் பூனை படுத்தமாதிரி இருக்கிறது. துளைகள்: இரண்டே. ஒன்றில் சார்ஜரைச் செருகினால் மிச்சம் ஒன்று."

"அவசர மணின்னு என்ன எழுதியிருக்கே?" என்றார் அப்பா.

"'இருபது நிமிஷத்துல அணையப் போறேன்'னு அது ஒழுங்கா சொல்லுச்சு. நான்தான் கேக்கலை" என்றாள் மூத்தவள். "மொத்தத்துல நல்ல மாடுப்பா. முட்டாது, நிறைய கறக்காது, தீனியும் குறைவு. ஆனா பெட்டியில பேட்டரி பன்னெண்டு மணி நேரம்னு போட்டிருக்கான். அதை மட்டும் என்னால முழுசாப் பாக்க முடியலை. காலேஜ்ல எத்தனை கேக்கறாங்க?"

"ஆறு."

"இன்னிக்குப் பாத்துடு. களத்துல எப்படி வச்சிருப்பியோ அப்படியே வேலை செய். அது தானா சாகற வரைக்கும் சார்ஜர் பக்கம் போகாதே."

பட்டறை என்பது முன்னறையை ஒட்டிய சின்ன அறை. தராசுக்காரர் லேப்டாப்பை எடுத்துப் போய், மேஜை மேலிருந்த தராசின் தட்டில் தனியே வைத்தார். தொள்ளாயிரத்து எண்பது கிராம்.

"பெட்டியில தொள்ளாயிரத்து ஐம்பதுன்னு இருக்கு. முப்பது கிராம் பொய்" என்றார். அதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தமாதிரி குருவிக்குத் தோன்றியது.

அந்த வீட்டில் எதையும் எழுதியிருப்பதை வைத்து நம்ப மாட்டார்கள். 'வச்சுப் பாரு' என்பதுதான் அவர்கள் மந்திரம். குருவி முதல் வகுப்பில் சேர்ந்த அன்று அவள் புத்தகப் பையையும் அவளையும் தனித்தனியாக நிறுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதியவர் அவர். இந்த முறை களப்பைக்குப் போகும் சாமான்களை இரண்டு நாளாகக் குருவியே ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் குறித்துவைத்திருந்தாள். லேப்டாப் மட்டும் பாக்கி இருந்தது.

ஒன்பது மணி எட்டு நிமிடத்துக்குப் பேட்டரி சோதனை ஆரம்பம். மூத்தவள் குளித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். குருவி பாடம் கேட்டாள், வரைபடம் திறந்தாள், குறிப்பு எடுத்தாள்.

பட்டறையிலிருந்து அப்பா ஐந்தாறு தடவை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் உயிரோடதான் இருக்கா?"

"அறுபத்திரண்டு சதவீதம்ப்பா."

"ம்."

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் லேப்டாப்பை மூடிக் களப்பைக்குள் வைத்தாள். தண்ணீர் பாட்டிலை நிறைத்தாள். சுத்தியல், நோட்டு, சார்ஜர் எல்லாம் போட்டாயிற்று. "வாங்கப்பா, மொத்தமா நிறுத்துடலாம்" என்றாள்.

பை அகலம், தட்டு சின்னது. அதனால் அகலச் சாமானுக்கென்று வைத்திருக்கும் பலகையைத் தட்டின் மேல் வைத்தார். மேஜையில் அந்த உறுதிமொழித் தாள் கிடந்தது. 'களப்பையின் எடை' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே பெற்றவர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அவர் கண் அதிலேயே இருந்தது. குருவி தரையில் குந்திப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"குடு" என்று வாங்கிப் பலகை மேல் வைத்தார்.

மூன்று கிலோ இருநூற்றிருபது.

குருவி எழுந்து நின்று எண்ணைப் பார்த்தாள். "சார்ஜரை எடுத்துப் பாருங்க. அதை ரூம்ல விட்டுட்டுப் போறேன்."

பக்க ஜேபியிலிருந்து அவர் சார்ஜரை உருவினார். மூன்று கிலோ எழுபது.

"எழுபது கிராம்தானேப்பா. தண்ணியை ரெண்டு மடக்குக் குடிச்சுட்டா?"

"நடக்கறப்ப குடிக்கிற தண்ணிய, கிளம்பறப்பவே குடிச்சுட்டா எப்படி?"

"நோட்டைக் கையில வச்சுக்கறேன்."

"மலை ஏறறவளுக்குக் கை வேணும்." அவர் அவளைப் பார்க்காமலே பேசினார். "பொறுக்கற கல்லை வேற யார் தூக்குவா?"

"கல்லுக்குக் காலேஜ் வண்டி உண்டுன்னு நாலு தடவை சொல்லிட்டேன்."

"எழுபது கிராம்னாலும் கூடதான் குருவி. கூட இருக்கறதைக் குறைச்சு எழுதி நான் இதுவரைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. வாதாடுகிற பெண்ணாக இருந்தால் நமக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு போய், லேப்டாப்பை எடுத்து அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். சார்ஜரைச் சுற்றி அதன் பள்ளத்தில் பொருத்தினாள். புதிதாக வந்தபோது இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட மடிப்பு மாறாமல் போட்டாள். கடைக்காரர் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

தராசுக்காரர் டீ போட அடுப்படிக்குப் போனார். போட்டார். குடிக்கவில்லை.

நாலு மணி அடிக்கும் முன்பே மூத்தவள் வந்தாள். மேஜையில் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்தபடி தங்கை.

"என்ன, மாட்டைச் சந்தைக்குத் திருப்பி ஓட்டறியா?"

"மூணு இருநூத்திருபது வந்துச்சுக்கா. சார்ஜர் இல்லாம மூணு எழுபது."

"அவ்வளவா? நோட்டைக் குடு."

குருவி நீட்டினாள். மூத்தவள் நின்றபடியே விரலால் கூட்டினாள். பை நானூற்று எண்பது. தண்ணீரோடு பாட்டில் அறுநூற்றுப் பத்து. சுத்தியல் ஐந்நூற்று எழுபது. நோட்டு நூற்றுத் தொண்ணூறு. சார்ஜர் நூற்றைம்பது.

"இது ரெண்டு கிலோ. லேப்டாப்?"

"தொள்ளாயிரத்து எண்பது."

"அப்ப ரெண்டு தொள்ளாயிரத்து எண்பதுதானே வரணும்?"

"அப்பா நிறுத்தாரு."

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. அப்பா நிறுத்ததை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. குருவியும் பார்க்கவில்லை. ஆனால் மூத்தவளுக்கு மூன்று நாளாக அடுத்தவர் எழுதிய எண்களைச் சந்தேகப்பட்டே பழக்கமாகியிருந்தது.

"இருநூத்தி நாப்பது எங்கேருந்து வந்துச்சு?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் போனாள்.

தராசை யாரும் அணைக்கவில்லை. தட்டின் மேல் வெறும் பலகை. பச்சை எண்கள் இருநூற்று நாற்பது என்று எரிந்துகொண்டிருந்தன.

பலகையை வைத்ததும் ஜீரோ பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் பலகையின் எடை கழிந்து சாமானின் எடை மட்டும் நிற்கும். தொழிலுக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். கடைக்காரர் எவராவது அதை மறந்தால் இவர் பிடிபிடியென்று பிடிப்பார்.

மூத்தவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அப்பா ஆடை கட்டிய டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, தராசு என்னமோ சொல்லுது. வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை.

"ஜீரோ பண்ணலை" என்றார்.

"ஆமாப்பா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லாதே. நான் சொல்றேன்."

இதைச் சொல்ல மகளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை அவர். தானே முன்னறைக்குப் போய், அட்டைப்பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"குருவி, கூட வந்தது பலகையோட எடை. உன்னோடது இல்லை. நான் ஜீரோ பண்ணாம நிறுத்துட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

"சரி விடுங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கினா பரவாயில்லையே." அவர் பெட்டியின் மூலையை நகத்தால் நெருடினார். "ஆனைக்கு உன்னை அனுப்ப மனசில்லை. அதான்."

மூத்தவள் வாசலில் நின்று தன் பையிலிருந்து எதையோ தேடுவதுபோல் தேடினாள். வீட்டில் இருபது நாள் இல்லாதவளுக்கும் அந்த வார்த்தையில் ஒரு பங்கு இருந்தது.

"அப்ப நான் போகட்டுமா, வேண்டாமாப்பா?" என்றாள் குருவி கடைசியில்.

"அதை என்கிட்ட கேக்காதே, என் பதில்ல இன்னிக்குக் கலப்படம் இருக்கு. தராசைக் கேப்போம். எடுத்து வா."

மறுபடியும் பை நிறைந்தது. இந்த முறை மூவரும் தராசைச் சுற்றி நின்றார்கள். அவர் பலகையின் மேல் தூசிகூட இல்லாமல் துடைத்தார். பொத்தானை அழுத்தினார். ஜீரோ வந்ததா என்று இரண்டு பெண்களையும் பார்க்கச் சொன்னார். அப்புறம்தான் பை.

இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. சார்ஜரோடு.

"இருபது கிராம் மிச்சம்" என்றாள் மூத்தவள். "ரெண்டு சாக்லேட் வாங்கிப் போட்டுக்கோ."

"ஒண்ணு போதும்" என்றார் அப்பா. "காகிதத்துக்கும் எடை உண்டு."

குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோள் வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

அவர் தாளில் 2980 என்று எழுதி, கீழே கையெழுத்திட்டார். கடைகளுக்குப் போடும் அதே கையெழுத்து, அதே சாய்வு. குருவி நாலு மணி பத்து நிமிடத்துக்கு லேப்டாப்பைத் திறந்தாள். அதன் கேமராவிலேயே தாளைப் படம் பிடித்தாள். படம் தண்ணீரில் நனைந்தமாதிரி வந்தது.

"அறிக்கையில கேமராவைப் பத்தி எழுதலையே அக்கா."

"என் மூஞ்சியை நான் எதுக்குப் பாக்கறது?"

கடைசியில் கைபேசியில் படம் பிடித்து, லேப்டாப்புக்கு மாற்றி அனுப்பினார்கள். 'கிடைத்தது' என்று பதில் வந்தது. பிளாஸ்டிக் உறை குப்பைக்கூடைக்குப் போனது. இனிக் கடைக்காரர் கேட்டாலும் கொடுப்பதற்கில்லை.

பேட்டரிப் பட்டை சிவந்திருந்த நேரத்தில் அம்மா அழைத்தாள். அவளுக்கு அது வேலைக்குக் கிளம்பும் நேரம். தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டே திரைக்குள் வந்தாள்.

"என்னடி குருவி, உன் மூஞ்சி ஏன் கலங்கிக் கிடக்கு? அழுதியா?"

"கேமராவே அப்படித்தாம்மா. கையெழுத்து ஆயிடுச்சு, அனுப்பியாச்சு."

"ஆயிடுச்சா!" அம்மாவின் கை முடியிலேயே நின்றுவிட்டது. "உங்கப்பா போட்டாரா?"

"போட்டாரு. நடுவுல ஒரு பலகைக் கதை இருக்கு, அப்புறம் சொல்றேன்."

"தோளைக் காட்டு. கையைத் தூக்கு. அவ்வளவுதான் வருதா? சரி, சரி, இறக்கு. பெரியவளே, நீ ஏதாவது சாப்பிட்டியா?" அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "என்னங்க, அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுத் தனியா வாங்க. உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் லேப்டாப்பை ஒரு கையால் தூக்கினார். காலையில் தராசில் வைத்ததோடு சரி, இப்போதுதான் அதைத் தூக்கி நடக்கிறார். கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. பட்டறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, தராசிலிருந்து பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்து, மேஜையில் இடம் பண்ணினார்.

"சொல்லும்மா."

"நேத்து ஆபீஸ்ல கூப்பிட்டுப் பேசினாங்க. பிள்ளைங்ககிட்ட இப்பச் சொல்லாதீங்க, அவ கிளம்பற நேரம். நான் வர்றது..."

திரை அணைந்துவிட்டது.

கறுத்த கண்ணாடியில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. கைபேசியை எடுத்து அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. வார்டுக்குள் கைபேசி எடுத்துப் போக மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை அழைத்தார்.

"அப்பா, எத்தனை மணிக்கு அணைஞ்சுது?" வெளியிலிருந்து குருவியின் குரல். "நோட்டுல எழுதணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு ஐம்பத்தெட்டு."

"அப்ப ஏழு மணி ஐம்பது நிமிஷம்!"

"இல்லை. மூணு மணியிலேருந்து நாலு பத்து வரைக்கும் அது மூடிக்கிடந்துது. அதைக் கழி."

"ஆறு மணி நாப்பது நிமிஷம்" என்றாள் மூத்தவள். "பன்னெண்டுன்னு பீத்திக்கிட்டான். ஆனா காலேஜ் கேட்டதுக்கு மேல நாப்பது நிமிஷம் இருக்கு."

குருவி சார்ஜரோடு உள்ளே வந்து செருகினாள். பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"பாதியில நின்னுடுச்சு. டியூட்டி முடிஞ்சு அவளே கூப்பிடுவா."

"எந்தப் பாதி? நல்ல பாதியா, கெட்ட பாதியா?"

"முதல் பாதி" என்றார். "போய் அந்தச் சாக்லேட்டை வாங்கிட்டு வா. ஒண்ணுதான்."

அவள் போன பிறகுதான் தராசைக் கவனித்தார். பலகையை எடுத்தாயிற்று, தட்டு காலி. ஆனாலும் எண்களுக்கு முன்னால் ஒரு கோடு போட்டு, கழித்தல் இருநூற்று நாற்பது என்று காட்டிக்கொண்டிருந்தது. தன் மேலிருந்து எவ்வளவு போயிற்று என்பதை அது இன்னும் மறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பொத்தானை அழுத்தினார். ஜீரோ வந்தது. வந்ததா என்று குனிந்து ஒருமுறை பார்த்தார். நாளைக்கு எது வந்து ஏறினாலும் உள்ளது உள்ளபடி காட்ட வேண்டுமே.